சின்ன லேப்டாப்பை வைத்துக் கணக்குப் பார்ப்பது எப்படி?



நம் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வந்து பல வருடங்கள் ஆகின்றன. 1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு, அது இல்லாமல் கடை நடத்த முடியாது என்ற நிலையும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் யார் கையில் இருக்கிறது? பில் போடும் தம்பியின் கையிலோ, வாரம் ஒருமுறை வரும் கணக்கரின் கையிலோதான் இருக்கிறது. முதலாளி கல்லாவில் இருப்பார், கணக்கு உள்ளறையில் இருக்கும். வாடிக்கையாளர் எதிரே நின்று தன் பாக்கியைக் கேட்டால், உள்ளே குரல் கொடுத்துக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சிவப்பு அட்டை போட்ட பேரேடு மடியில் இருந்த காலத்தில் இந்த நிலை இல்லை. அன்று எழுதியவர் யாராக இருந்தாலும், புரட்டிப் பார்த்தவர் முதலாளியே.

எடை குறைந்த, விலை குறைந்த சின்ன லேப்டாப் அந்தப் பேரேட்டை மறுபடியும் நம் மடிக்குக் கொண்டு வருகிறது. அதுதான் அதன் முதல் பயன். எங்கள் பருப்பு மண்டியில் இப்படி ஒன்றை வைத்து வேலை செய்து வருகிறேன். என் போன்ற 60 வயது தாண்டிய, பள்ளிப் படிப்போடு நின்ற வியாபாரியும் இதைப் பழகிக்கொள்ளலாம். ஆனால் விலை மலிந்த சரக்கு எதுவானாலும், அது ஏன் மலிந்தது என்று பார்த்து வாங்குவது நம் தொழில் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். லேப்டாப்புக்கும் அதே பாடம்தான்.

இது என்ன சரக்கு?

சாதாரண லேப்டாப் ஒன்றேமுக்கால் கிலோ, 2 கிலோ என்று இருக்கும். நாம் இங்கே பேசுவது ஒரு கிலோவிலிருந்து சுமார் 1,400 கிராம் வரை எடையுள்ளது. திரை 11 அங்குலம் முதல் 14 அங்குலம் வரை. ஒரு கையால் எடுத்துக்கொண்டு கல்லாவிலிருந்து குடோனுக்கும், குடோனிலிருந்து வீட்டுக்கும் போகலாம். மஞ்சள் பையிலும் அடங்கும்.

இந்த வகை புதிதல்ல. ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1996-இல் லிப்ரெட்டோ என்ற பெயரில் 840 கிராம் எடையில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அன்று சின்னதாக இருப்பதற்கே தனி விலை. சிறியதும் வேண்டும், மலிவாகவும் வேண்டும் என்று 2007-இல் வந்தது தைவான் நாட்டு ஆசஸ் கம்பெனியின் ஈ பி.சி. அதன் முதல் மாடலுக்கு 7 அங்குலத் திரை, சேமிப்பிடம் 4 ஜி.பி., எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதைப் பார்த்துப் பல கம்பெனிகள் இறங்கின. ஆனால் வேகம் போதாமல் வாங்கியவர்கள் சலித்துக்கொண்டார்கள். 2010-இல் ஐபேட் வந்தபின் அந்தச் சந்தை சுருங்கிப் போயிற்று. நம் தமிழ்நாட்டில் 2011-இல் அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. நம் வீடுகள் பலவற்றில் முதல் லேப்டாப் நுழைந்தது பிள்ளைகளின் புத்தகப் பையில்தான்.

இன்று வரும் சின்ன லேப்டாப் அந்தப் பழைய சரக்கு அல்ல. 2023-இல் வந்த இன்டெல் என் 100 போன்ற சில்லுகள் 6 வாட் அளவு மின்சாரத்தில் ஓடக்கூடியவை. ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் செலவுதான் அது. பில், பேரேடு, ஜி.எஸ்.டி. தளம், வாட்ஸ்அப் ஆகிய நான்குக்கும் அந்த வேகம் போதும். படம் எடிட் செய்யவும், விளையாட்டுக்கும் போதாது. அந்த வேலை நமக்கு இல்லை.

விலை எங்கே குறைக்கப்பட்டது?

கம்பெனிக்காரர் எதையும் சும்மா குறைப்பதில்லை. கீழ்க்கண்ட ஆறு இடங்களில்தான் கை வைத்திருப்பார். வாங்கும் முன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளவும்.

1. ரேம் நினைவகம். இது கடையின் வேலை மேஜை போன்றது. மேஜை சிறியதாக இருந்தால் ஒரு கணக்கை மடித்து வைத்துவிட்டுத்தான் இன்னொன்றை விரிக்க முடியும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. அது இயந்திரம் எழுந்து நிற்பதற்கான அளவு. வேலை செய்ய 8 ஜி.பி. வேண்டும். சின்ன லேப்டாப் பலவற்றில் ரேமைப் பலகையோடு சேர்த்துப் பற்ற வைத்திருப்பார்கள், பிறகு கூட்ட முடியாது. எனவே வாங்கும் நாளிலேயே 8 ஜி.பி. இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சேமிப்பிடம். இது குடோன். மலிவு மாடல்களில் 64 ஜி.பி. அல்லது 128 ஜி.பி. அளவில் இ.எம்.எம்.சி. என்ற வகை இருக்கும். செல்போன் மெமரி கார்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவும் பலகையோடு பற்ற வைத்தது. விண்டோஸ் 11-க்கே குறைந்தது 64 ஜி.பி. கேட்கிறார்கள். அப்படியானால் 64 ஜி.பி. குடோனில் வீட்டுக்காரர் சாமான் போக நம் மூட்டைக்கு இடம் ஏது? சில மாதங்களில் விண்டோஸ் புதுப்பித்தல் இறங்க இடமில்லாமல் நின்றுவிடும். எஸ்.எஸ்.டி. வகையில் 256 ஜி.பி. இருக்கும் மாடலையே கேளுங்கள்.

3. திரை. மலிவுத் திரையைப் பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறி எழுத்து மங்கும். தெருவைப் பார்த்த கடையில் பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஐ.பி.எஸ். வகைத் திரை, வெளிச்சம் 300 நிட்ஸ் என்றால் நல்லது. 250 நிட்ஸ் என்றால் கல்லாவில் நிழல் பக்கமாக வைத்துச் சமாளிக்கலாம். பளபளக்கும் திரை வேண்டாம், நம் முகம்தான் தெரியும்.

4. கீபோர்டு. சின்ன லேப்டாப்பில் வலது பக்க எண் கட்டம் இருக்காது. பில் போட்டுப் பழகிய விரல் அதைத்தான் தேடும். யு.எஸ்.பி.-யில் செருகும் தனி எண் கட்டம் கிடைக்கிறது. அதை லேப்டாப்போடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

5. செருகும் துளைகள். இரண்டு, அதிகம் போனால் மூன்று இருக்கும். பில் பிரிண்டருக்கு ஒன்று, பார்கோடு ஸ்கேனருக்கு ஒன்று, எண் கட்டத்துக்கு ஒன்று என்றால் மவுசுக்கு இடமில்லை. ஒரு யு.எஸ்.பி. ஹப் வாங்க வேண்டி வரும். இன்டர்நெட் ஒயர் செருகும் துளையும் பெரும்பாலும் இருக்காது, வைஃபை வேண்டும். பழைய எலக்ட்ரானிக் தராசின் 9 முள் ஒயரை இதில் நேராகச் செருக முடியாது, அதற்கு யு.எஸ்.பி. மாற்றி வேண்டும். இந்தச் சில்லறைச் சாமான்களின் விலையையும் கூட்டித்தான் லேப்டாப்பின் அடக்க விலையைப் பார்க்க வேண்டும். வண்டி வாடகையையும் இறக்குக் கூலியையும் சேர்க்காமல் சரக்கின் அடக்கம் போடுவோமா?

6. உள்ளே இருக்கும் விண்டோஸ். இங்கேதான் ஏமாற்றம் அதிகம். சில மலிவு லேப்டாப்புகளில் விண்டோஸ் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள மென்பொருளை மட்டுமே அது ஏற்கும், நம் பில் மென்பொருள் ஏறாது. அந்த நிலையிலிருந்து வெளியே வரக் கட்டணம் இல்லை, ஆனால் வந்த பிறகு திரும்ப முடியாது. குரோம்புக் என்பது வேறு வகை. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருளை அதில் நேராக நிறுவ முடியாது. பழைய மாடலை விலை குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது விண்டோஸ் 10-ஆ, 11-ஆ என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற முடியாத பழைய இயந்திரத்தில் கடைக் கணக்கை ஏற்றுவது, பூட்டு இல்லாத குடோனில் மூட்டை அடுக்குவது போன்றது.

பில்லை எப்படி வாங்குவது?

லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். எடுத்துக்காட்டாக அடிப்படை விலை ரூ. 30,000 என்றால் வரி ரூ. 5,400, மொத்தம் ரூ. 35,400. கடையின் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்டு பில் வாங்கினால் அந்த ரூ. 5,400-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுக்கலாம். பையன் பெயரிலோ, ஜி.எஸ்.டி. எண் இல்லாமலோ வாங்கினால் அது போயிற்று. இணையத்தில் வாங்கினாலும் வியாபாரக் கணக்கு என்று பதிவு செய்து எண்ணைக் கொடுத்தே வாங்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த வரவு கிடையாது. இன்னொன்றையும் கவனிக்கவும். வரியை வரவாக எடுத்தால், அந்த வரித் தொகையின் மீது வருமான வரிக் கணக்கில் தேய்மானம் எடுக்கக் கூடாது. இரண்டில் ஒன்றுதான்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

பெட்டியைப் பிரித்தவுடன் பில் போடத் தொடங்கக் கூடாது. ஒரு வாரம் பழைய கம்ப்யூட்டரில் வேலை நடக்கட்டும். புதியதைத் தயார் செய்யுங்கள்.

முதலில் எல்லாப் புதுப்பித்தல்களையும் இறக்கி முடியுங்கள். இதற்கு நல்ல வைஃபை உள்ள இடம் வேண்டும். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விட்டால் அன்றைய டேட்டா முழுவதையும் அதுவே குடித்துவிடும். பிறகு கம்பெனிக்காரர் கூடவே ஏற்றி அனுப்பிய, சில நாட்களுக்கு மட்டும் இலவசமான மென்பொருள்களை நீக்குங்கள். அவை இடத்தையும் அடைத்து, பணம் கட்டு என்று தினமும் கேட்கும். வைரஸ் காவலுக்கு விண்டோஸோடு வருவதே சிறு கடைக்குப் போதுமானது.

அடுத்தது கடவுச்சொல். இந்த லேப்டாப் எளிதாகத் தூக்கிப் போகக்கூடியது. நமக்கு அது எவ்வளவு வசதியோ, திருடனுக்கும் அவ்வளவு வசதி. அதனால் உள்ளே உள்ள கணக்கைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு விண்டோஸ் 11-இல் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால் புதிய லேப்டாப் பலவற்றில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். இதற்கு 48 இலக்கம் கொண்ட மீட்பு எண் ஒன்று உண்டு. ஏதாவது பழுது பார்த்த பிறகு லேப்டாப் இந்த எண்ணைக் கேட்டால், அது இல்லாமல் கதவு திறக்காது. கணக்கு உள்ளேயே இருக்கும், நம்மால் எடுக்க முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே அந்த எண்ணைத் தாளில் எழுதிச் சரிபார்த்து, லேப்டாப் பையில் வைக்காமல், வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.

கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளி ஒருவர் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், யாரிடம் வர வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் வீட்டுக்காரம்மா தவிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பேரேடு இருந்த காலத்தில் படிக்கத் தெரிந்த யாரும் திறந்து பார்த்துவிடலாம். இதற்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி ஒருவர் நினைவில் மட்டும் இருப்பது குடும்பத்துக்கு ஆபத்து. உறையில் போட்டு ஒட்டி மனைவியிடமோ மகனிடமோ மகளிடமோ கொடுத்து வைப்பது நல்லது.

தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. தனியாக வாங்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் ஏற்றினால் நமக்கும் வாசிக்க எளிது. ஆனால் ஒரே ஆள் பெயரை ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கிலத்திலும் ஏற்றினால் ஒருவருக்கு இரண்டு கணக்காகிவிடும். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

பேட்டரியும் மின்வெட்டும்

பேட்டரியின் அளவை வாட்-மணி என்ற கணக்கில் போட்டிருப்பார்கள். 42 வாட்-மணி பேட்டரி, இயந்திரம் சராசரியாக 7 வாட் எடுத்தால் 6 மணி நேரம் வரும். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்தால் செலவு கூடி நேரம் குறையும். விளம்பரத்தில் போடும் மணிக்கணக்கு, குறைந்த வெளிச்சத்தில் லேசான வேலை செய்து எடுத்த கணக்கு. அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு கிடைத்தால் திருப்தி அடையலாம்.

கரண்ட் போனால் மேஜைக் கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வேண்டும். லேப்டாப்புக்கு அதன் பேட்டரியே யு.பி.எஸ். பாதி எழுதிய பில் அழியாது. ஆனால் பிரிண்டரும் வைஃபை பெட்டியும் அணைந்துவிடும். அந்த இரண்டை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் போட்டால் வேலை தடைபடாது.

லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெப்பம். கடையில் காலை முதல் இரவு வரை சார்ஜரில் செருகியே வைத்து, 100 சதவீதத்தில் சூடாகவே இருந்தால் அதன் ஆயுள் குறையும். பல கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும் வசதி கொடுத்திருக்கின்றன. அதைப் போட்டுவிடுங்கள். வெளியூர் போகும் நாளில் மட்டும் 100 வரை ஏற்றலாம். 300 முதல் 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு.

டைப்-சி வகைச் சார்ஜர் என்றால் 45 வாட் அல்லது 65 வாட் இருக்கும். செல்போன் சார்ஜரும் அதே துளையில் செருகும் என்பதால் பையன்கள் மாற்றிச் செருகுவார்கள். அது ஏறாது, அல்லது நத்தை வேகத்தில் ஏறும். பெயர் தெரியாத மலிவுச் சார்ஜர் வேண்டாம். பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தூசி, ஈரம், எறும்பு

மளிகைக் கடையின் காற்று ஆபீசு காற்று அல்ல. வத்தல் தூள், மாவு, தவிட்டுத் தூசி எல்லாம் பறக்கும். விசிறி உள்ள லேப்டாப் அந்தக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். விசிறி இல்லாத மாடல் கிடைத்தால் நம் கடைக்கு அதுவே பொருத்தம். விசிறி உள்ளதாக இருந்தால், மூட்டை மேலோ மெத்தை மேலோ வைக்காதீர்கள். அடியில் உள்ள துளை அடைந்து சூடேறும். ஒரு பலகை மேல் வையுங்கள். உப்பு மூட்டை, வெல்ல மண்டை இருக்கும் பக்கம் ஈரம் இழுக்கும், எறும்பும் வரும். எண்ணெய்க் கையோடு விசையைத் தொடக் கூடாது. வாரம் ஒருமுறை அணைத்துவிட்டு, காய்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டினால் போதும். மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக் கூடாது. இரவில் துணிப்பையில் போட்டு மூடி வையுங்கள். மூடியை இரண்டு கையாலும் நடுவில் பிடித்துத் திறப்பது நல்லது. மலிவு லேப்டாப்பில் முதலில் உடைவது மூடியின் கீல்தான்.

கருவியின் ஆயுளும் கணக்கின் ஆயுளும்

இந்தப் பாடத்தின் நடுப்பகுதி இதுதான். மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஒரு வருடத்தின் கணக்கை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 வருடத்துக்குக் கடைசி தேதி 31-12-2024. அப்படியானால் அந்தக் கணக்கு 31-12-2030 வரை நம்மிடம் இருக்க வேண்டும். வழக்கு, மேல்முறையீடு என்று ஏதாவது இருந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள், விபத்தோ இயற்கைச் சேதமோ நேர்ந்தால் திரும்ப எடுக்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

விலை குறைந்த லேப்டாப் 4 வருடம், 5 வருடம் உழைத்தால் நல்ல உழைப்பு. கணக்கோ 6 வருடத்துக்கு மேல் இருந்தாக வேண்டும். எனவே கணக்கு லேப்டாப்பில் குடியிருக்கக் கூடாது, வந்து போக வேண்டும். லேப்டாப் என்பது கணக்கு எழுதும் பலகை மட்டுமே. சேமிப்பிடம் பலகையோடு பற்ற வைத்ததாக இருந்தால், பலகை எரிந்த அன்று வெளியே கழற்றி எடுக்கவும் வழியிருக்காது.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் சரக்கு நனையும். சரக்கை மீண்டும் கொள்முதல் செய்யலாம். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கும் கூடவே போனால், அதை எந்த மார்க்கெட்டிலும் வாங்க முடியாது.

நகல் எடுக்க நான் பின்பற்றும் முறை எளியது.

அ. இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 'ஒற்றை', மற்றதில் 'இரட்டை' என்று எழுதி ஒட்டுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படைத் தேதியில் மற்றது. இரவு கல்லா எண்ணி முடித்தவுடன் நகல் எடுத்து, பென் டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். செருகியபடியே விடக் கூடாது. கணக்கைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஆ. வாரம் ஒருமுறை, வீட்டில் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல்.

இ. இணையச் சேமிப்பில் ஒரு நகல். ஊரே நனைந்தாலும் இது நனையாது.

ஈ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பாருங்கள். மூட்டையைக் குத்திப் பார்க்காமல் சரக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

உ. மார்ச் 31 முடிந்ததும், இருப்புக் கணக்கு, பேரேடு, சரக்கிருப்பு, பாக்கிப் பட்டியல் நான்கையும் பி.டி.எஃப். ஆக மாற்றித் தனியே வையுங்கள். மென்பொருள் மாறலாம், சந்தா நிற்கலாம், பி.டி.எஃப். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

தெர்மல் பிரிண்டரில் அடித்த பில் வெயிலிலும் வெப்பத்திலும் வெளுத்துப் போகும். அதை மட்டும் நம்பிக் கோப்பில் போட்டு வைப்பதில் பலனில்லை. வாங்கிய சரக்கின் பில் அப்படி வந்தால் அன்றே செல்போனில் படமெடுத்துக் கணக்கோடு சேர்த்து வையுங்கள்.

முதலாளி பார்க்க வேண்டிய மூன்று பக்கங்கள்

இவ்வளவும் செய்து லேப்டாப்பை மறுபடியும் பையனிடம் கொடுத்துவிட்டால், வாங்கியதில் அர்த்தமில்லை. பில் போடுவது அவர் வேலையாகவே இருக்கட்டும். தினமும் இரவு 10 நிமிடம் முதலாளி மூன்று பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது பாக்கிப் பட்டியல். மாதம் ரூ. 4 லட்சம் கடன் விற்பனை உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வெளியே நிற்கும் பாக்கி ரூ. 6 லட்சம் என்றால், சராசரியாக 45 நாள் கழித்துப் பணம் வருகிறது என்று பொருள். அதை 30 நாளாகக் குறைத்தால் பாக்கி ரூ. 4 லட்சமாகும். விடுபடும் ரூ. 2 லட்சத்துக்கு வங்கி ஓ.டி. வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு ரூ. 24,000 மிச்சம். மேலே சொன்ன ரூ. 35,400 லேப்டாப்பின் விலை ஒன்றரை வருடத்தில் வந்துவிடும். ஆனால் இந்தப் பணத்தை வசூல் செய்வது லேப்டாப் அல்ல. 31-ஆம் நாள் யார் பெயர் மேலே வருகிறது என்று பார்த்து, மறுநாள் காலை மரியாதையாக ஒரு போன் போடும் முதலாளிதான்.

வாடிக்கையாளர் எதிரிலேயே அவர் கணக்கைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். "அண்ணாச்சி, போன மாசம் 12-ஆம் தேதி சரக்கு, 20-ஆம் தேதி வரவு, இதோ பாருங்க" என்று சொன்னால் பேச்சு முடிந்தது. ஐநூறு ரூபாய் வித்தியாசத்தில் 20 வருட வாடிக்கை முறிந்த கதைகள் நம் தொழிலில் நிறைய உண்டு. பெரும்பாலும் அங்கே குறைந்தது பணம் அல்ல, கணக்கை உடனே காட்ட முடியாததுதான்.

இரண்டாவது, சரக்கிருப்பும் விகிதமும். 22-9-2025 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய் 12-இலிருந்து 5-க்கும் வந்தன. அறிவிப்பு வந்தது 3-ஆம் தேதி. இடையில் இருந்த நாட்களில் ஒவ்வொரு கடையும் தன் பொருள் பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது. பட்டியல் முதலாளி கைக்குள் இருந்தால், இரவில் வீட்டில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். கணக்கருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜி.எஸ்.டி.ஆர். 2பி. ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி இது தளத்தில் வந்துவிடும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் விற்பனையைக் காட்டியிருக்கிறார்களா என்பது இதில் தெரியும். காட்டாவிட்டால் நாம் கட்டிய வரி நமக்கு வரவாகாது. மாத ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்பதால், இடையில் உள்ள நாட்களில் விற்றவருக்குப் போன் செய்து கேட்கலாம். கணக்கர் 19-ஆம் தேதி வந்து சொன்னால் என்ன செய்ய முடியும்?

இப்படிப் பார்ப்பது கணக்கரை நம்பாததால் அல்ல. நல்ல கணக்கர் எவரும் முதலாளி கணக்குப் பார்ப்பதை விரும்புவார். பார்க்காத முதலாளியிடம் வேலை செய்வதுதான் அவருக்கும் ஆபத்து, ஏனெனில் எந்தத் தவறும் அவர் தலையில்தான் விழும்.

யாருக்கு வேண்டாம்?

நாள் முழுவதும் நிற்காமல் பில் போடும் கவுன்டருக்கு இது வேண்டாம். அங்கே பெரிய திரையும் தனிக் கீபோர்டும் உள்ள மேஜைக் கம்ப்யூட்டரே உழைக்கும், பழுதானால் பாகம் மாற்றவும் எளிது. மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் பில் போடும் கடைக்கும் இது போதாது. தினமும் சில பத்து பில் போடும் மளிகைக் கடை, குடோனிலிருந்தே இ-வே பில் எடுக்க வேண்டிய மொத்த வியாபாரி, வெளியூர் வசூலுக்குப் போகும் மண்டிக்காரர், வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்க விரும்பும் வயதானவர் ஆகியோருக்கு இது ஏற்றது. வெளிமாநிலத்துக்கு ரூ. 50,000-க்கு மேலும், தமிழ்நாட்டுக்குள் ரூ. 1 லட்சத்துக்கு மேலும் சரக்கு போகும்போது, லாரி நிற்கும் இடத்திலேயே இ-வே பில் எடுத்துக் கையில் கொடுக்கலாம். டிரைவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11, கடை பெயரில் பில். இந்த நான்கும் இருந்தால் வாங்கலாம். வாங்கிய பின் அதற்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். அது கணக்கு. பிள்ளைகள் சினிமா பார்க்கவும் விளையாடவும் வேறு கருவி இருக்கட்டும். இரவில் நகல் எடுக்காமல் கடைக் கதவை இழுக்காதீர்கள். பேரேட்டைப் பூட்டி வைத்த பிறகே வீட்டுக்குக் கிளம்பிய நம் முன்னோர் வழக்கம் அதுதான். பேரேட்டின் உருவம் மாறியிருக்கிறது, வழக்கம் மாற வேண்டியதில்லை.